பண்டிகை அன்றைக்கும் கடை திறக்கணுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னை தியாகராய நகரில் ஒரு பெரிய துணிக்கடையில் சேலைப் பிரிவில் ஏழு வருடம் நின்றேன். இப்போது சங்கரன்கோவிலில் சொந்தமாக ஒரு சின்ன ஃபேன்சி ஸ்டோர், உதவிக்கு ஒரு பெண். அதனால் இரண்டு பக்கத்து ஆட்களும் என்னிடம் கேட்கிறார்கள். இன்னும் கவுண்டரில் நிற்கும் பிள்ளைகள் ராத்திரி பதினொரு மணிக்குக் கூப்பிட்டு "அக்கா, இது சரியா" என்பார்கள், பக்கத்துக் கடைக்காரர்கள் "நாளைக்குத் திறக்கிறியாம்மா" என்பார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதை இங்கே சேர்த்து எழுதி வைக்கிறேன். கேள்விகளை அவர்கள் கேட்ட மாதிரியே போட்டிருக்கிறேன். சட்டம் பற்றிச் சொல்வதெல்லாம் தமிழ்நாட்டுக்குப் பொருந்துவது.

பண்டிகைக்கு லீவு கொடுக்கணும்னு சட்டம் இருக்கா, இல்ல முதலாளி மனசு வெச்சாத்தானா?

சட்டம் இருக்கிறது, அதுவும் 1958-லிருந்து இருக்கிறது. தேசிய, பண்டிகை விடுமுறை நாட்கள் பற்றிய சட்டம் அது. பெயரில் "தொழில் நிறுவனங்கள்" என்று வருவதால் ஏதோ மில்லுக்கும் ஃபேக்டரிக்கும்தான் என்று நிறைய பேர் நினைத்துக்கொள்கிறார்கள். கடையும் அதற்குள்தான் வருகிறது.

வருடத்துக்கு ஒன்பது நாள். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நான்கும் எல்லோருக்கும் பொது. மிச்சம் ஐந்து நாள் பண்டிகைக்கு. எந்தெந்தப் பண்டிகை என்பதை முதலாளியிடமும் வேலை செய்கிறவர்களிடமும் கலந்து பேசி தொழிலாளர் துறை ஆய்வாளர் முடிவு செய்ய வேண்டும். ஒன்பது நாளுக்கும் சம்பளம் உண்டு. வாராந்திர விடுமுறை இதில் சேராது, அது தனி.

காலண்டர்ல சிவப்பா போட்டிருக்கிற எல்லா நாளும் எங்களுக்கும் லீவுதானே?

இல்லை. இதில்தான் ஒவ்வொரு வருடமும் சண்டை வருகிறது. காலண்டரில் இருப்பது அரசு அலுவலகத்துக்கும் வங்கிக்குமான பட்டியல், அதில் 20-க்கும் மேல் வரும். கடையில் வேலை பார்க்கிறவர்களுக்கு மேலே சொன்ன ஒன்பதுதான் சட்டப்படி. 2023-லும் 2024-லும் தீபாவளிக்கு மறுநாளை அரசு விடுமுறையாக அறிவித்தார்கள், ஞாபகம் இருக்கும். அது அரசு அலுவலகங்களுக்கும் பள்ளி கல்லூரிகளுக்கும் கிடைத்தது. துணிக்கடையில் நிற்கிற பிள்ளைக்கு அந்த அறிவிப்பால் ஒரு மணி நேரம்கூடக் கிடைக்கவில்லை.

ஆகவே உங்கள் கடைக்கு எந்த ஐந்து பண்டிகை என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். நான் ஏழு வருடம் வேலை பார்த்தும் கேட்டதில்லை, யாரும் சொன்னதும் இல்லை. நான்கைந்து பேர் சேர்ந்து மேலாளரிடம் கேட்டால் அதில் தப்பு ஒன்றும் கிடையாது.

அப்போ ஆகஸ்ட் 15 அன்னைக்குக் கடை திறந்து வெச்சா தப்பா?

கடையைத் திறப்பது தப்பில்லை. கடை திறந்திருப்பது ஒரு விஷயம், அதில் ஆள் நிற்பது இன்னொரு விஷயம். இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் பாதிப் பேச்சு வீணாகிறது. விடுமுறை நாளில் ஒருவரை வேலைக்குக் கூப்பிட வேண்டும் என்றால் குறைந்தது 24 மணி நேரம் முன்பே எழுத்தில் அறிவிப்பு கொடுக்க வேண்டும், அதன் நகலை ஆய்வாளருக்கு அனுப்ப வேண்டும். வேலை செய்தவருக்கு அன்றைக்கு இரட்டைச் சம்பளம், இல்லாவிட்டால் அன்றைய சம்பளமும் வேறொரு நாள் சம்பளத்தோடு மாற்று விடுமுறையும். இந்த இரண்டில் எது என்று முடிவு செய்வது வேலை செய்கிறவர், முதலாளி இல்லை. இதை அடிக்கோடிட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

ராத்திரி பத்து மணிக்குக் கடை சாத்தும்போது சூப்பர்வைசர் வந்து "நாளைக்கு எல்லாரும் வந்துடுங்க" என்று சொல்லிவிட்டுப் போவது அறிவிப்பு ஆகாது.

மே 1 பற்றித் தனியாக ஒரு வார்த்தை. இந்தியாவிலேயே முதன்முதலில் மே தினம் கொண்டாடியது நம் சென்னையில்தான், 1923-இல், சிங்காரவேலர் முன்னின்று நடத்தினார். அதே ஊரில் "மே தினச் சிறப்புத் தள்ளுபடி" என்று பேனர் கட்டி, அன்றைக்கு ஆட்களைப் பன்னிரண்டு மணி நேரம் நிற்க வைப்பதை என்னால் ஏற்றுக்கொள்ளவே முடியவில்லை.

ஓட்டுப் போடுற நாளுக்கு லீவு உண்டா?

உண்டு, சம்பளத்தோடு. இது மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் வருவது, மேலே சொன்ன ஒன்பதில் சேராது. தினக்கூலிக்கும் பொருந்தும்.

டபுள் சம்பளமும் கொடுக்கல, மாத்து லீவும் கொடுக்கல. யார்கிட்ட சொல்றது?

உங்கள் மாவட்டத்தில் தொழிலாளர் துறை அலுவலகம் இருக்கும், அமலாக்கம் பார்க்கிற உதவி ஆணையர் இருப்பார். அங்கே எழுதிக் கொடுக்கலாம். குடியரசு தினம், சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி நாட்களில் அந்தத் துறையினர் கடைகளிலும் ஹோட்டல்களிலும் ஆய்வுக்கு வருவார்கள், மறுநாள் பத்திரிகையில் "இத்தனை கடைகள் மீது நடவடிக்கை" என்று சின்னச் செய்தி வரும்.

ஆனால் நேராகவே சொல்கிறேன், தனி ஆளாகப் புகார் கொடுத்துவிட்டு அதே கடையின் விடுதியில் அன்று ராத்திரி படுத்துத் தூங்குவது லேசான காரியம் இல்லை. சாப்பாடும் படுக்கையும் முதலாளி கையில் இருக்கும்போது எத்தனை சட்டம் இருந்தாலும் வாய் வராது. அதனால் நான்கு பேர் சேர்ந்து போங்கள். முடியாவிட்டால், என்றைக்கு வேலை பார்த்தோம், எத்தனை மணிக்கு வந்தோம், எத்தனை மணிக்கு விட்டார்கள் என்று ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதியாவது வையுங்கள். வேலையை விட்டுப் போகிற அன்று கணக்குப் பேச அந்த நோட்டு வேண்டும்.

365 நாளும் 24 மணி நேரமும் கடை திறக்கலாம்னு அரசாங்கமே ஆணை போட்டாச்சே, அப்புறம் என்ன லீவு?

ஆணை உண்மைதான். 2019 மே மாதக் கடைசியில் வந்தது, பத்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற கடைகளுக்கு, மூன்று ஆண்டுக்கு. 2022-லும் 2025-லும் மூன்று மூன்று ஆண்டாக நீட்டித்தார்கள். ஆனால் அதில் முதல் வரியை மட்டும் படித்துவிட்டுப் பேசுகிறார்கள். கீழே நிபந்தனைகள் இருக்கின்றன. ஒவ்வொருவருக்கும் சுழற்சி முறையில் வாரம் ஒரு நாள் விடுமுறை. ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம். கூடுதல் நேரத்தைச் சேர்த்தாலும் நாளுக்குப் பத்தரை மணி நேரத்தையும் வாரத்துக்கு 57 மணி நேரத்தையும் தாண்டக் கூடாது. இரவு 8 மணிக்கு மேல் பெண்கள் வேலை செய்ய வேண்டும் என்றால் எழுத்தில் அவர்கள் சம்மதமும் பாதுகாப்பும் போய்வர வண்டியும் வேண்டும்.

அதாவது கடைக்குத்தான் 365 நாள். ஆளுக்கு இல்லை. கடையை எந்நேரமும் திறந்து வைக்க விரும்புகிறவர் கூடுதலாக ஆள் போட்டுத் திறக்க வேண்டும், இருக்கிற ஆளையே இழுத்து நீட்டக் கூடாது.

தீபாவளி அன்னைக்குத்தான் துணிக்கடையெல்லாம் மூடிடுறாங்களே, இன்னும் என்ன குறை?

இந்தக் கேள்விக்குத்தான் நான் நிதானமாகப் பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதை எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான்.

தீபாவளிக்கு முந்தின நாள் எங்கள் கடையில் கடைசி வாடிக்கையாளர் வெளியே போகும்போது ராத்திரி ஒன்றரை மணி ஆகும். அப்புறம் விரித்துப் போட்ட சேலைகளை மடிக்க வேண்டும். ஒரு குடும்பம் வந்தால் நாற்பது சேலை விரிப்போம், இரண்டு எடுப்பார்கள், மிச்சத்தை மடித்து அடுக்குவதற்குள் அடுத்த குடும்பம் உட்கார்ந்திருக்கும், அதனால் கடைசியில் மெத்தை மேல் குவியல் இடுப்பளவு நிற்கும். அதை முடித்த பிறகுதான் எங்களுக்கு வாங்க விடுவார்கள். தம்பிக்குச் சட்டை, அம்மாவுக்குச் சேலை, எல்லாம் மிச்சம் கிடப்பதில்தான். தம்பி அளவு சட்டை ஒரு வருடமும் கிடைத்ததில்லை, ஒரு சுற்றுப் பெரிதாகத்தான் எடுத்துப் போவேன். விடுதிக்குப் போய்ப் பையை எடுத்துக்கொண்டு கோயம்பேடு போய்ச் சேர மணி ஐந்து. அங்கிருந்து ஊருக்கு ஏறக்குறைய 600 கிலோமீட்டர். தீபாவளி விடிவதே எங்களுக்குத் தாம்பரம் தாண்டி ஜன்னலோரம்தான், வழியில் ஒவ்வொரு ஊரிலும் பிள்ளைகள் புதுத்துணியோடு வெடி போடுவதைப் பார்த்துக்கொண்டே போவோம். வீட்டுக்குப் போகும்போது சாயங்காலம் ஆறு, ஏழு. வாசலில் வெடிக் காகிதம் கிடக்கும். அம்மா எண்ணெய்க் கிண்ணத்தை அப்படியே மூடி எடுத்து வைத்திருப்பார். மறுநாள் காலையில் தலையில் எண்ணெய் வைத்துவிடுவார், அன்று ராத்திரியே திரும்பப் பஸ் ஏற வேண்டும். ஏழு வருடத்தில் ஆறு வருடம் எனக்குத் தீபாவளி மறுநாள்தான். ஒரு வருடம் பஸ்ஸே கிடைக்கவில்லை.

அரசு சிறப்புப் பேருந்து விடுகிறதே என்பார்கள். விடுகிறது, பண்டிகைக்கு முந்தின மூன்று நான்கு நாள்தான் பெரும்பாலும். அந்த நான்கு நாளில்தான் கடையில் மூச்சு விட நேரம் இருக்காது. அதாவது ஊருக்குப் போக பஸ் இருக்கும்போது எங்களுக்கு லீவு இருக்காது. சட்டப்படி "ஒரு முழு நாள்" விடுமுறை கொடுத்தாகிவிட்டது, கணக்கு சரியாகிவிட்டது. ஆனால் தென்மாவட்டத்துப் பிள்ளைக்கு அந்த ஒரு நாள் பஸ்ஸிலேயே போய்விடுகிறது. தியாகராய நகர் கடைகளில் நிற்பவர்களில் எத்தனை பேர் தென்காசி, திருநெல்வேலி, தூத்துக்குடி, விருதுநகர் பக்கத்துப் பிள்ளைகள் என்று அங்கே ஒரு நாள் சேலை எடுத்தவர்களுக்கே பேச்சை வைத்துத் தெரிந்துவிடும்.

ஆகவே நான் கேட்பது இதுதான். வெளியூர் ஆட்களை வேலைக்கு வைத்திருக்கிற பெரிய கடைகள், தீபாவளிக்கும் பொங்கலுக்கும் போகிற நாள், வருகிற நாள் இரண்டையும் சேர்த்து லீவு கொடுக்க வேண்டும். முந்தின நாள் வியாபாரத்தை விட முடியாது என்றால் பின்னால் மூன்று நாள் கொடுங்கள், தீபாவளி முடிந்த அடுத்த மூன்று நாள் துணிக்கடையில் ஈ ஓட்டுவதுதான் வேலை என்று எல்லோருக்கும் தெரியும். முந்தின நாளும் ராத்திரி பத்து மணிக்குக் கதவைச் சாத்துங்கள். பத்து மணிக்குச் சாத்துவார்கள் என்று தெரிந்தால் ஜனங்கள் ஒன்பது மணிக்கு வந்து எடுத்துப் போவார்கள். ஒன்றரை மணி வரை திறந்திருப்பதால்தான் ஒன்றரை மணிக்கு வருகிறார்கள்.

நான் ரெட்டைச் சம்பளத்துக்காக விரும்பித்தான் வர்றேன். என்னை ஏன் தடுக்கணும்?

யாரும் தடுக்கக் கூடாது. கடன் இருக்கும், பிள்ளைக்குப் ஃபீஸ் கட்ட வேண்டியிருக்கும், சிலருக்கு வீட்டுக்குப் போகவே பிடிக்காது, அதெல்லாம் அவரவர் நிலைமை. நானும் இரண்டு காந்தி ஜெயந்திக்கு அப்படி வேலை பார்த்திருக்கிறேன், அந்தப் பணத்தில்தான் முதல் ஸ்மார்ட்ஃபோன் வாங்கினேன்.

எனக்குப் பயம் வேறு இடத்தில். மேலாளர் எல்லோரையும் வரிசையாக நிற்க வைத்து "யார் யார் வரலை, கை தூக்குங்க" என்று கேட்டால் யார் தூக்குவார்? அடுத்த மாதம் சம்பள உயர்வு பேசும்போது அந்தக் கை ஞாபகம் வரும் என்று தெரியும். அதனால் கேள்வியையே திருப்பிப் போட வேண்டும். ஒரு தாளை ஒட்டி வையுங்கள், வர விரும்புகிறவர்கள் மட்டும் பெயர் எழுதட்டும். எழுதாதவர்களிடம் காரணம் கேட்காதீர்கள். ஆள் போதவில்லை என்றால் ஒரு தளத்தை மூடிவிட்டு மிச்சத்தை நடத்துங்கள்.

மெடிக்கல், பால், பெட்ரோல் பங்க் எல்லாம் மூடிட்டா ஊர் என்ன ஆகும்?

அதை யாரும் மூடச் சொல்லவில்லை. மருந்து வேண்டும், பால் வேண்டும், பஸ் ஸ்டாண்டில் டீயும் இட்லியும் வேண்டும், மேலே சொன்ன மாதிரி பண்டிகையன்று பஸ்ஸில் வருகிற எங்களுக்கே அது வேண்டும். அங்கே நிற்கிறவர்களுக்கு முறை வைத்து, சென்ற தீபாவளிக்கு நின்றவர் இந்தத் தீபாவளிக்கு வீட்டில் என்று மாற்றிவிட்டால் போதும். சேலையும் தங்கமும் ஃபிரிட்ஜும் அந்த வகையில் வராது, ஒரு நாள் காத்திருந்தால் யாருக்கும் உயிர் போகாது.

நாங்க சின்னக் கடை. பொங்கலுக்கு மூடினா வாடகையை யார் கட்டுவா?

இது நியாயமான கேள்வி, ஏனென்றால் இப்போது நானும் மாதம் பிறந்தால் வாடகை கட்டுகிறேன். குடும்பத்து ஆட்களே உட்கார்ந்து பார்க்கிற மளிகைக் கடைக்கு, தெருமுனைப் பெட்டிக்கடைக்கு நான் ஒன்றும் சொல்லமாட்டேன். அண்ணாச்சி பொங்கலன்று காலையில் பாதி ஷட்டரைத் தூக்கி வைத்திருப்பதால்தான் வெல்லம் மறந்த வீட்டுக்கு வெல்லம் கிடைக்கிறது. அவர் கடை, அவர் நேரம். சம்பளத்துக்கு ஆள் வைத்திருந்தால் பேச்சு வேறு.

வணிகர்களுக்கு ஒன்று ஞாபகப்படுத்துகிறேன். மே 5 வணிகர் தினத்துக்கு நாமே கடையைப் பூட்டிவிட்டு வண்டி பிடித்து மாநாட்டுக்குப் போகிறோம். அன்றைக்கு வியாபாரம் என்ன ஆகும் என்று நாம் கவலைப்படுவதில்லை, மூடுகிறோம் என்று நான்கு நாள் முன்பே போர்டு எழுதி வைக்கிறோம், ஜனங்களும் முந்தின நாளே வாங்கிக்கொள்கிறார்கள். நம் நாளுக்கு மூட முடிகிறது. அதற்கு நான்கு நாள் முன்னால் வருகிற மே 1 நம்மிடம் வேலை பார்க்கிறவர்களின் நாள். அதற்கும் முடியும்.

எங்க கடையில மூணு மதத்துக்காரங்களும் இருக்காங்க. யார் பண்டிகைக்கு மூடுறது?

மூடுவதை விட மாற்றிக்கொள்வது இங்கே நன்றாக நடக்கும். எங்கள் பிரிவில் மேலப்பாளையத்துப் பெண் ஒருத்தி இருந்தாள், தீபாவளிக்கு முந்தின ராத்திரி எங்கள் மடிப்பு வேலையை அவள் எடுத்துக்கொண்டு எங்களை முன்னால் அனுப்பிவிடப் பார்ப்பாள். ரம்ஜானுக்கு அவள் போகும்போது நாங்கள் அவள் கவுண்டரைப் பார்த்துக்கொள்வோம். இதை நாங்களாகச் செய்தோம். நிர்வாகம் செய்திருந்தால் இன்னும் ஒழுங்காக நடந்திருக்கும்.

ஐந்து பண்டிகை நாளை முடிவு செய்யும்போது எல்லோரையும் கேட்க வேண்டும் என்று முதல் பதிலில் சொன்னது இதற்கும்தான். பெரும்பான்மை எது என்று பார்த்து ஐந்தையும் ஒரே பக்கம் போட்டுவிட்டால், கிறிஸ்துமஸ் காலையில் ஆராதனைக்குப் போகாமல் ஒரு பிள்ளை பில் போட்டுக்கொண்டிருக்கும்.

வெளிநாட்டுல எல்லாம் எந்நேரமும் திறந்திருக்கு, நாம மட்டும் மூடிட்டு உட்காரணுமா?

எல்லா வெளிநாடும் அப்படி இல்லை. இங்கிலாந்தில் 280 சதுர மீட்டருக்கு மேல் உள்ள கடைகள் கிறிஸ்துமஸ் அன்று திறக்கக் கூடாது என்று 2004-இல் சட்டமே போட்டார்கள். சின்னக் கடைகள் திறக்கலாம். மேலே அண்ணாச்சி கடைக்கு நான் சொன்ன வித்தியாசத்தை அவர்கள் சதுர மீட்டர் கணக்கில் எழுதி வைத்துவிட்டார்கள், அவ்வளவுதான். ஜெர்மனியில் ஞாயிற்றுக்கிழமையையும் பண்டிகை நாட்களையும் ஓய்வு நாளாக அரசியலமைப்பே பாதுகாக்கிறது. பெர்லினில் கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறும் கடை திறக்க விட்டதை 2009-இல் அரசியலமைப்பு நீதிமன்றம் செல்லாது என்று சொல்லிவிட்டது. இரண்டுமே பணக்கார நாடுகள், கடை மூடியதால் ஏழையாகிப் போகவில்லை.

நாங்க மூடினா ஆன்லைன்காரன் வித்துட்டுப் போறான். அதுக்கு என்ன சொல்றீங்க?

அங்கேயும் ஒரு பையன்தான் மழையில் வண்டி ஓட்டிக்கொண்டு வருகிறான். அவனை ஊழியர் என்றுகூடச் சொல்வதில்லை, "பார்ட்னர்" என்கிறார்கள், ஆகவே மேலே சொன்ன ஒன்பது நாளும் இரட்டைச் சம்பளமும் அவனுக்கு இல்லை. பண்டிகையன்று இத்தனை டெலிவரி முடித்தால் ஊக்கத்தொகை என்று ஆசை காட்டுவார்கள். என்னைக் கேட்டால் அந்த ஒன்பது நாளை அவனுக்கும் கொண்டுபோவதுதான் வழி, அவனைக் காட்டிக் கடைப் பிள்ளையின் லீவையும் பிடுங்குவது வழி இல்லை. தீபாவளிக்கு மறுநாள் சேலை வாங்க நினைக்கிறவர், கடை மூடியிருக்கிறதே என்று ஆன்லைனில் வாங்குவார் என்பதையும் நான் அவ்வளவாக நம்பவில்லை. பட்டு எடுக்கிறவர்கள் தொட்டுப் பார்க்காமல் எடுப்பதில்லை.

நான் வெறும் கஸ்டமர். எனக்கு இதுல என்ன வேலை இருக்கு?

நிறைய இருக்கிறது. துணி எடுக்கப் பத்து நாள் முன்னால் வாருங்கள். கடைசி ராத்திரி வந்துதான் ஆக வேண்டும் என்றால், போனஸ் அன்றைக்குத்தான் கைக்கு வந்தது என்று எத்தனையோ பேர் வருகிறார்கள், அவர்களைக் குறை சொல்லமாட்டேன், அப்போது என்ன நிறம், என்ன விலை என்று முடிவு செய்துகொண்டு வாருங்கள். நாற்பது சேலை நான்காகக் குறையும்.

இன்னொன்று. கடையில் நிற்கிறவர்கள் உட்கார இருக்கை வைக்க வேண்டும் என்று 2021-இல் தமிழ்நாட்டில் சட்டத் திருத்தம் வந்தது, வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது உட்காரலாம். சில கடைகளில் ஸ்டூல் கிடக்கிறது, ஆனால் ஆள் வந்ததும் பதறி எழுந்துவிடுகிறார்கள். நீங்கள் "பரவாயில்லம்மா, உட்கார்ந்தே காட்டு" என்று ஒரு வார்த்தை சொன்னால் சூப்பர்வைசர் ஒன்றும் சொல்ல முடியாது. ராத்திரி பதினொரு மணிக்குக் கால் வீங்கி நிற்கிற பிள்ளைக்கு அது பெரிய விஷயம்.

சரி, உங்க கடை இந்தப் பொங்கலுக்குத் திறந்திருக்குமா?

போகியன்று மதியம் ஒரு மணி வரை திறந்திருக்கும். கோலப்பொடி, வளையல், ரிப்பன் வேண்டியவர்கள் அதற்குள் வந்துவிடுங்கள். என்னிடம் வேலை பார்க்கிற பெண்ணின் ஊருக்கு இரண்டு மணிக்கு ஒரு பஸ், அதை விட்டால் அடுத்தது ராத்திரிதான், அதனால் ஒரு மணி. பொங்கலும் மாட்டுப் பொங்கலும் பூட்டியிருக்கும். காணும் பொங்கலன்று சாயங்காலம் நான் மட்டும் திறந்து வைத்திருப்பேன். அந்தப் பெண் அதற்கு மறுநாள் மத்தியானம்தான் வருவாள், அதுவரை பில் போடக் கொஞ்சம் தாமதமாகும்.